ஒரே உள்நுழைவில் பல தளங்கள்: நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவுகளும்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா எனத் தென்னாப்பிரிக்காவில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இணையத்தளம் பராமரித்துக் கொடுக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நன்கொடைக்கு வேர்ட்பிரஸ், தமிழ் வகுப்புக்கு மூடுல் என்ற கல்வி மென்பொருள், மண்டப முன்பதிவுக்கு ஒரு மாணவர் ஜாங்கோ என்ற நிரல் சட்டகத்தில் எழுதிக் கொடுத்த செயலி என மூன்று தளங்கள் தனித்தனியே வளர்ந்துவிட்டன. உறுப்பினர்கள் மூன்று கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் வாரத்தில் கடவுச்சொல் மறந்துபோனவர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதே அலுவலகத்தில் பாதி வேலையாகிவிடுகிறது. ஒரு தளத்தில் உள்நுழைந்தவர் மற்றத் தளங்களிலும் உள்நுழைந்தவராகவே இருக்க என்ன வழி, இருக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

பொதுக் குக்கீ, கையொப்பமிட்ட டோக்கன், மைய உள்நுழைவுச் சர்வர், வாசலில் ஒரு பிராக்ஸி என நான்கு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலோர் இந்த வழிகளை உள்நுழைவின் எளிமையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். சரியாக அமைத்துவிட்டால் நான்கு வழிகளிலும் உள்நுழைவு எளிதாகத்தான் இருக்கும். அதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வெளியேறும்போதும், ஒருவருடைய அனுமதியை உடனடியாகப் பறிக்க வேண்டி வரும்போதும்தான் வேறுபாடு தெரியும். ஆகவே இந்த ஒப்பீட்டில் வெளியேற்றத்துக்கே முதல் எடை கொடுத்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வெளியேற்றம். கோயில் அலுவலகத்தில் பெரும்பாலும் ஒரே கணினிதான் இருக்கும். காலையில் நன்கொடைகளைப் பதிவு செய்த தொண்டர் அந்தத் தளத்தில் "வெளியேறு" என்பதை அழுத்திவிட்டு எழுந்து போகிறார். மாலையில் அதே நாற்காலியில் உட்காருபவர் வகுப்புத் தளத்தைத் திறந்தால், காலையில் வந்தவரின் பெயரிலேயே குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் திரையில் வந்து நிற்கிறது. ஓரிடத்தில் வெளியேறினால் எல்லா இடத்திலும் வெளியேறியதாக ஆகுமா, எத்தனை நேரத்தில் ஆகும் என்று ஒவ்வொரு வழியையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர். தளங்கள் எல்லாம் ஒரே டொமைனின் துணை டொமைன்களா, அல்லது ஒன்று கோ.இசட்ஏ-விலும் மற்றொன்று ஓஆர்ஜி.இசட்ஏ-விலும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துச் சில வழிகள் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடும். மூன்றாவது, நிரலைத் திருத்தும் உரிமை: நீங்களே எழுதிய செயலியை எப்படியும் மாற்றலாம், ஆனால் மூடுலையோ வேர்ட்பிரஸையோ உள்ளே கைவைத்து மாற்றினால் அடுத்த மேம்படுத்தலில் அது அழிந்துபோகும். நான்காவது, ஒரு தளம் களவாடப்பட்டால் மற்றவற்றுக்கு எவ்வளவு சேதம் என்பது.

ஐந்தாவது சட்டமும் பராமரிப்பும். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா (2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம்) 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 26ஆம் பிரிவு சமய நம்பிக்கை பற்றிய தகவலைச் சிறப்புத் தகவலாக வைக்கிறது. 34ஆம் பிரிவு குழந்தைகளின் தகவலுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிக்கிறது. கோயில் உறுப்பினர் பட்டியல் ஒருவருடைய சமயத்தைக் காட்டும் ஆவணம். வகுப்புப் பட்டியல் முழுக்கக் குழந்தைகளின் தகவல். சிறிய சபை, நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதில் அலட்சியமாக இருக்க முடியாது.

## முதல் வழி: பொதுக் குக்கீயும் பொது அமர்வுக் கிடங்கும்

குக்கீ என்பது தளம் உலாவியில் வைத்துவிடும் சிறு குறிப்பு; அமர்வு என்பது ஒருவர் உள்நுழைந்திருக்கும் நிலை. உலாவிக்கு ஒரு குக்கீயைக் கொடுக்கும்போது அதில் டொமைன் பண்பைக் குறிக்காவிட்டால், அந்தக் குக்கீ அதைக் கொடுத்த தளத்துக்கு மட்டுமே திரும்பி வரும். தாய் டொமைனைக் குறித்துக் கொடுத்தால் எல்லாத் துணை டொமைன்களுக்கும் வரும். குக்கீயில் இருப்பது வெறும் அமர்வு எண்தான். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்ற விவரம் சர்வர் பக்கத்தில் ரெடிஸ் போன்ற ஒரு கிடங்கில் இருக்கும். எல்லாத் தளங்களும் அதே கிடங்கைப் பார்த்தால் அமர்வு பொதுவாகிவிடுகிறது.

வெளியேற்றத்தில் இதற்கு நிகரான வழி வேறில்லை. கிடங்கிலிருந்து அந்த ஒரு பதிவை அழித்தால் போதும். அடுத்த சொடுக்கிலேயே எல்லாத் தளங்களும் அவரை வெளியே நிறுத்திவிடும். பொறுப்பிலிருந்து விலகிய ஒருவரின் அனுமதியை நீக்குவதும் அதே வேகத்தில் முடியும்.

தளங்கள் ஒரே சட்டகத்தில் எழுதப்பட்டிருந்தால் வேலை சுலபம்போலத் தோன்றும். ஆனாலும் சிறு விவரங்களில் மாட்டிக்கொள்வோம். பிஎச்பி மொழிச் சட்டகமான லாராவெலில் எழுதிய இரண்டு செயலிகளை ஒரே ரெடிஸோடு இணைத்தும் அமர்வு பகிரப்படவில்லை என்று குழம்பியவர்கள் பலர். லாராவெலில் அமர்வுக் குக்கீயின் பெயரும் ரெடிஸ் விசைகளின் முன்னொட்டும் இயல்பாகச் செயலியின் பெயரிலிருந்தே உருவாகின்றன. குக்கீயும் செயலியின் மறைவிசையால் பூட்டப்படுகிறது. பெயர், முன்னொட்டு, மறைவிசை, பயனர் அட்டவணை ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால்தான் ஒரு செயலி எழுதியதை மற்றொன்று படிக்கும். மைக்ரோசாஃப்டின் சட்டகமான ஏஎஸ்பி.நெட் கோரில் இதே இடத்தில் தரவுப் பாதுகாப்பு விசைத்தொகுப்பையும் செயலியின் பெயரையும் பொதுவாக்க வேண்டும்.

மொழிகள் வேறானால் சிக்கல் கூடும். பிஎச்பி தன் அமர்வை எழுதும் வடிவம் வேறு, ஜாங்கோ எழுதும் வடிவம் வேறு. ஒன்றின் அமர்வை மற்றொன்று படிக்க நிரல் எழுதுவது வீண்வேலை. முழு அமர்வையும் பகிர முயலாமல் பயனர் எண், உள்நுழைந்த நேரம், கடைசியாக வந்த நேரம் ஆகிய மூன்றை மட்டும் எல்லா மொழிகளும் படிக்கும் ஜேசன் வடிவில் தனிப் பதிவாக வைத்து, அதை மட்டும் எல்லாச் செயலிகளும் படிக்கச் செய்வதே என் பரிந்துரை. முன்பதிவுப் படிவத்தின் பாதி நிரப்பிய விவரம் வகுப்புத் தளத்துக்கு எதற்கு? ஆள் யார் என்பது மட்டும் பொதுவாக இருக்கட்டும். மற்றவை அவரவர் தளத்திலேயே இருக்கட்டும்.

கால எல்லையையும் கவனிக்க வேண்டும். பிஎச்பியின் இயல்பான அமர்வு ஆயுள் 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள். ஜாங்கோவின் இயல்பான குக்கீ ஆயுள் இரண்டு வாரங்கள். இரண்டையும் அப்படியே விட்டால் ஒரு தளத்தில் வெளியே தள்ளப்பட்டவர் மற்றொன்றில் உள்ளேயே இருப்பார். பொதுப் பதிவின் காலமே இறுதியானது என்று எல்லாச் செயலிகளிலும் எழுதிவிட வேண்டும்.

மறைமுகச் செலவுகளில் மிகப் பெரியது பாதுகாப்பு. தாய் டொமைனுக்குக் கொடுத்த குக்கீ எல்லாத் துணை டொமைன்களுக்கும் போகும் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்காகத் திறந்து, பிறகு யாரும் மேம்படுத்தாமல் விட்ட வேர்ட்பிரஸுக்கும் அது போகும். அந்தத் தளத்தில் நுழைந்தவனுக்கு மற்ற எல்லாத் தளங்களின் அமர்வும் கைக்கு வந்துவிடும். சேவையை நிறுத்திவிட்டு, அந்த முகவரி எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மட்டும் நீக்க மறந்தாலும் இதே ஆபத்து உண்டு. கைவிடப்பட்ட அந்த முகவரியை வேறொருவர் தனதாக்கிக்கொள்ளலாம். குக்கீயை ஒரே தளத்தோடு கட்டிப்போடும் "ஹோஸ்ட்" முன்னொட்டு டொமைன் பண்பு இருந்தால் செல்லாது என்பதால், இந்த வழியில் அந்தப் பாதுகாப்பையும் இழக்கிறோம். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போவதைத் தடுக்கும் சேம்சைட் பண்பும் துணை டொமைன்களை ஒரே தளமாகவே எண்ணும். ஆகவே உடன்பிறந்த தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையை அது தடுக்காது.

டொமைன் எல்லை மிகக் கறாரானது. ஓஆர்ஜி.இசட்ஏ, கோ.இசட்ஏ ஆகியவை பலரும் தங்கள் பெயரைப் பதியும் பொதுப் பின்னொட்டுகளின் பட்டியலில் இருப்பதால் அவற்றின் பெயரில் குக்கீ கொடுக்க உலாவி அனுமதிக்காது. இரண்டு சபைகள் தத்தம் டொமைன்களை வைத்துக்கொண்டு இந்த வழியில் அமர்வைப் பகிர முடியாது. மறைவான ஐஃபிரேம் (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட மற்றொரு பக்கம்) வைத்து ஒரு டொமைனின் குக்கீயை மற்றொன்றில் படிக்கும் பழைய உத்தியையும் இனி நம்ப வேண்டாம்: சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுத்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து அவற்றைத் தளம் வாரியாகத் தனித்தனியே பிரித்து வைக்கிறது.

## இரண்டாம் வழி: கையொப்பமிட்ட டோக்கன்

ஜேடபிள்யூடி எனப்படும் டோக்கன் 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. பயனரின் எண், அவருடைய பொறுப்பு, காலாவதி நேரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் குக்கீயில் வைத்துவிட்டால், ஒவ்வொரு செயலியும் கையொப்பத்தைச் சரிபார்த்தே ஆளை அறிந்துகொள்ளும். கிடங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. எந்த மொழியில் எழுதிய செயலியும் இதைப் படிக்கும்.

இதன் குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. அன்னதானச் சீட்டைக் கொடுத்தபின் அதை வைத்திருப்பவர் வரிசையில் நிற்பதை யாரும் தடுக்க முடியாததுபோல, கொடுத்த டோக்கன் அதன் நேரம் முடியும்வரை செல்லும். "வெளியேறு" என்பதை அழுத்தினால் அந்த உலாவியிலிருந்து குக்கீ அழியும். ஏற்கெனவே நகலெடுத்தவரிடம் இருக்கும் டோக்கன் அழியாது. ஆயுளை ஐந்து அல்லது பத்து நிமிடங்களாகக் குறைத்துப் புதுப்பிப்பு டோக்கன் வைக்கலாம், அல்லது ரத்துப் பட்டியல் வைத்து ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். ரத்துப் பட்டியல் வைத்தால் கிடங்கைத் தவிர்த்த பயன் போய்விடுகிறது; முதல் வழியையே சுற்றி வந்து கட்டியதாகிறது.

விசை பற்றியும் சொல்ல வேண்டும். எச்எஸ்256 முறையில் ஒரே ரகசியத்தை எல்லாச் செயலிகளுக்கும் கொடுத்தால், டோக்கனைச் சரிபார்க்கத் தெரிந்த ஒவ்வொரு செயலியும் புது டோக்கனைப் போலியாக உருவாக்கவும் முடியும். ஆர்எஸ்256 போன்ற இரட்டை விசை முறையில் தனிவிசை உள்நுழைவுச் செயலியிடம் மட்டும் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். டோக்கனின் உள்ளடக்கம் மறைக்கப்பட்டது அல்ல, எவரும் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்து வடிவுக்கு மாற்றப்பட்டது மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணை அதில் எழுதினால் டோக்கன் கிடைத்த எவரும் படித்துவிடலாம். மேலும், ஒரு குக்கீக்கு உலாவிகள் ஒதுக்கும் இடம் ஏறத்தாழ 4096 பைட்டுகள்தான்.

சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும், கைபேசிச் செயலி ஒன்று பல ஏபிஐகளை (செயலிகள் பேசிக்கொள்ளும் இடைமுகங்களை) அழைப்பதற்கும் இது மிகப் பொருத்தமான கருவி. உலாவியில் உட்கார்ந்து வேலை செய்யும் மனிதரின் அமர்வாக இதைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

## மூன்றாம் வழி: மைய உள்நுழைவுச் சர்வர்

எந்தத் தளமும் கடவுச்சொல் கேட்காது. எல்லாம் உறுப்பினரை ஒரே உள்நுழைவுச் சர்வருக்கு அனுப்பும். அவர் அங்கே உள்நுழைந்ததும் ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டோடு திரும்பி வருவார். தளம் அந்தக் குறியீட்டைச் சர்வரிடம் கொடுத்து ஆள் யார் என்று அறிந்து, தன் சொந்த அமர்வைத் தொடங்கும். 2014 பிப்ரவரியில் இறுதி செய்யப்பட்ட ஓப்பன்ஐடி கனெக்ட் இதற்கான இன்றைய தரம். பெருநிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் 2005ஆம் ஆண்டின் சாம்ல் 2.0 என்ற பழைய தரம் இன்னும் பரவலாக ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓப்பன்ஐடி கனெக்டே எளிது.

உலாவியை நேரடியாகத் திருப்பி அனுப்பியே எல்லாம் நடப்பதால் டொமைன்கள் வேறானாலும் இது வேலை செய்யும். நிரலில் கைவைக்கவும் தேவையில்லை: மூடுல் 3.3 பதிப்பிலிருந்தே ஓஆத் 2 (ஓப்பன்ஐடி கனெக்டுக்கு அடிப்படையான முறை) உள்நுழைவைத் தன்னோடு வைத்திருக்கிறது, வேர்ட்பிரஸுக்குச் செருகுநிரல்கள் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குக்கீ என்பதால் ஒரு தளம் களவாடப்பட்டாலும் மற்றவை தப்பும். பாதுகாப்பில் நான்கு வழிகளுள் இதற்கே முதலிடம்.

ஆனால் வெளியேற்றத்தில் பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒவ்வொரு தளமும் தன் சொந்த அமர்வை வைத்திருப்பதால் மைய சர்வரில் வெளியேறியவர் வகுப்புத் தளத்தில் உள்ளேயே இருப்பார். இதைத் தீர்க்கும் தரங்கள் 2022 செப்டம்பரில்தான் இறுதி வடிவம் பெற்றன. அவற்றுள் முன்வழி வெளியேற்றம் ஐஃபிரேம்களை நம்பியிருப்பதால், குக்கீத் தடைகளால் டொமைன்கள் வேறான இடத்தில் நம்பகமாக நடக்காது. பின்வழி வெளியேற்றத்தில் மைய சர்வரே ஒவ்வொரு தளத்தின் சர்வரையும் அழைத்து "இவருடைய அமர்வை முடி" என்று சொல்லும். இதுதான் நம்பத் தக்கது. நீங்கள் பயன்படுத்தப்போகும் செருகுநிரல் இதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதரிக்காவிட்டால் அந்தத் தளத்தின் அமர்வு ஆயுளைக் குறைத்துவிடுவது தவிர வேறு வழியில்லை.

சர்வரை நீங்களே நடத்துவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது அடுத்த முடிவு. கீகுளோக் மைய உள்நுழைவுக்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல மென்பொருள். ஆனால் ஜாவாவில் ஓடுவதால் ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்கும், ஆண்டில் பலமுறை புதுப் பதிப்பு வரும், அதைத் தள்ளிப்போட முடியாது. தன்னார்வலர் ஒருவர் ஊர் மாறிப்போனால் அதைக் கவனிக்க அடுத்த ஆள் இருக்கிறாரா? வாடகைச் சேவைகள் பெரும்பாலும் டாலரில் விலை வைப்பவை. ராண்ட் சரியும் மாதத்தில் சபையின் கணக்கில் அது தெரியும். தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குப் போப்பியாவின் 72ஆம் பிரிவு நிபந்தனைகள் விதிக்கிறது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது தென்னாப்பிரிக்காவிலும் இணையம் தடுமாறியது. தளங்கள் கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்க, உள்நுழைவுச் சர்வர் மட்டும் ஐரோப்பாவில் இருந்தால், அத்தகைய நாளில் புதிதாக எவரும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். இந்த இரு நகரங்களிலும் பெரிய மேகச் சேவைகளுக்குத் தரவு மையங்கள் இருக்கும்போது அந்த நிலையை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## நான்காம் வழி: வாசலில் ஒரு பிராக்ஸி

எல்லாத் தளங்களுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வரை) நிறுத்தி, ஒவ்வொரு கோரிக்கையையும் அது சரிபார்த்த பிறகே உள்ளே விடுவது இந்த வழி. உள்ளே இருக்கும் செயலிக்குப் பயனரின் பெயர் கோரிக்கையோடு செல்லும் ஒரு தலைப்பு வரியில் போய்ச் சேரும். ஜாங்கோ இதை ஏற்கும் வசதியை உடன் வைத்திருக்கிறது.

பத்துப் பேர் மட்டும் பார்க்கும் கணக்கறிக்கை, தரவுத்தள மேலாண்மைப் பக்கம் போன்றவற்றுக்கு இது மிக நன்று. ஆனால் பிராக்ஸியைச் சுற்றிக்கொண்டு செயலியை நேரடியாக அடைய ஒரு வழி திறந்திருந்தாலும், எவரும் அந்தத் தலைப்பு வரியைத் தாமே எழுதி நிர்வாகியாக நுழைந்துவிடலாம். வெளியிலிருந்து வரும் அதே பெயருள்ள வரியைப் பிராக்ஸி அழித்துவிட வேண்டும். செயலியை நேரடியாக அடையும் துறையை (போர்ட்) தீச்சுவரால் (ஃபயர்வால்) அடைக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | பொதுக் குக்கீ | டோக்கன் | மைய சர்வர் | பிராக்ஸி |
|---|---|---|---|---|
| எங்கும் வெளியேறுதல் | உடனே | காலாவதியாகும்வரை தாமதம் | பின்வழி அமைத்தால் மட்டும் | உடனே, பிராக்ஸியிடம் அமர்வு இருந்தால் |
| வேறு டொமைன்கள் | முடியாது | குக்கீயில் முடியாது | முடியும் | தனி ஏற்பாடு வேண்டும் |
| ஆயத்த மென்பொருள் | கடினம் | கடினம் | எளிது | சிலவற்றுக்கு மட்டும் |
| ஒன்று களவானால் | எல்லாமே ஆபத்தில் | டோக்கன் ஆயுள்வரை எல்லாம் | அந்தத் தளம் மட்டும் | அமைப்பைப் பொறுத்தது |
| பராமரிப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |

## யாருக்கு எது

எல்லாச் செயலிகளும் உங்கள் கையில் எழுதியவை, ஒரே டொமைனின் கீழ் இருக்கின்றன, பழைய துணை டொமைன்களைத் துப்புரவாக மூடிவிட்டீர்கள் என்றால் முதல் வழியே போதும். அதைவிடப் பெரியதைக் கட்டினால் அதைக் காப்பாற்றுவதிலேயே காலம் போகும்.

மேலே சொன்ன சபையைப்போல வேர்ட்பிரஸும் மூடுலும் கலந்திருந்தால் மைய சர்வருக்கே போங்கள். பராமரிப்புச் சுமை கூடத்தான் செய்யும். ஆனால் பொதுக் குக்கீக்காக அந்த மென்பொருள்களின் உள்ளே கைவைத்து, ஒவ்வொரு மேம்படுத்தலிலும் திரும்பத் தைப்பதைவிட அது குறைவு. தனியாக நடத்த ஆளில்லாத சிறு சபைகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே சர்வரை நடத்தலாம். அப்போது உறுப்பினர் தகவலுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள். கைபேசிச் செயலியும் வரப்போகிறது என்றால், மைய சர்வர் கொடுக்கும் குறுகிய ஆயுள் டோக்கனை அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

## தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை

எந்த வழியானாலும் மூன்று தளங்களிலும் இருக்கும் கணக்குகளை ஒருவருக்கு ஒன்றாக இணைத்தாக வேண்டும். பெரும்பாலோர் மின்னஞ்சலை வைத்து இணைக்கப் பார்க்கிறார்கள். நம் சபைகளில் அது தவறாகப் போகும். தமிழ் வகுப்பில் மூன்று பிள்ளைகளையும் தாயின் ஒரே மின்னஞ்சலில் சேர்த்திருப்பார்கள். தாத்தாவின் நன்கொடைக் கணக்கு பேரனின் மின்னஞ்சலில் இருக்கும். மின்னஞ்சலை அடையாளமாக வைத்தால் பேரன் உள்நுழைந்ததும் தாத்தாவின் நன்கொடை வரலாறு திறக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் பட்டியல் வரும். ஓப்பன்ஐடி கனெக்ட் தரமும் மின்னஞ்சலை நிலையான அடையாளமாக ஏற்பதில்லை. வழங்குநரின் பெயரும் அவர் ஒவ்வொருவருக்கும் தரும் மாறாத எண்ணும் சேர்ந்ததே அடையாளம் என்கிறது.

ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, ஓர் எண் கொடுத்து அதை மூன்று தளங்களின் பயனர் அட்டவணையிலும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோரின் எண்ணோடு தொடர்புபடுத்துங்கள். போப்பியா கேட்கும் பெற்றோர் ஒப்புதலைப் பதிந்து வைக்கவும் அதுவே இடம். பழைய கடவுச்சொற்களை அப்படியே புதிய சர்வருக்கு மாற்ற முடியும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மென்பொருளும் அவற்றைத் தன் முறையில் சிதைத்துச் சேமிப்பதால் பெரும்பாலோர் புதிதாக அமைக்க வேண்டிவரும். காவடிப் பதிவோ புரட்டாசி மாத நன்கொடைகளோ நடக்கும் வாரங்களில் இந்த மாற்றத்தைச் செய்யாமல், பள்ளி விடுமுறையில் வகுப்புகள் நின்றிருக்கும்போது செய்யுங்கள். கடவுச்சொல் மாற்றத் தெரியாத முதியவர்களுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து உதவ ஆளும் நேரமும் அப்போதுதான் கிடைக்கும்.